ரத்தம் நின்ற குடல், ரத்தம் திரும்பிய குடல்

1986-ல் டேல் பார்க்ஸ், நீல் கிரேஞ்சர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பூனைகளின் சிறுகுடலை வைத்து ஓர் ஒப்பீடு செய்தார்கள். ஒரு பிரிவில் குடலுக்குப் போகும் ரத்தத்தை நான்கு மணி நேரம் கட்டுப்படுத்தினார்கள். இன்னொரு பிரிவில் மூன்று மணி நேரம் மட்டும் கட்டுப்படுத்தி, கடைசி ஒரு மணி நேரம் ரத்தத்தைத் திறந்துவிட்டார்கள். எந்தக் குடல் அதிகம் சிதைந்திருக்கும் என்று கேட்டால், நான்கு மணி நேரம் பட்டினி கிடந்ததுதான் என்று யாரும் சொல்வோம். நுண்ணோக்கியில் பார்த்தபோது நேர்மாறாக இருந்தது. ரத்தம் திரும்பி வந்த குடலின் உள்தோல்தான் மோசமாகச் சிதைந்திருந்தது.

ரத்தம் இல்லாவிட்டால் திசு சாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். திரும்பி வரும் ரத்தமும் தன் பங்குக்குக் காயப்படுத்தும் என்பது அவ்வளவாகத் தெரியாது. அதே ரத்தம் வராமல் குடல் பிழைக்கவும் முடியாது. இந்த இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கின்றன என்பதை, உயிரியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன்.

நுனியில்தான் முதல் அடி

சிறுகுடலின் உட்சுவரில் குடல் உறிஞ்சிகள் என்ற நுண்ணிய விரல்கள் லட்சக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். ஒவ்வொன்றின் உயரமும் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை. அதன் மேல் போர்த்தியிருப்பது ஒரே ஒரு அடுக்கு செல்கள். நாம் தின்ற சோற்றுக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கும் நம் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் செல் சுவர் அவ்வளவுதான். விரல்களின் அடியில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றன. புதிய செல்கள் பிறப்பது அந்தக் குழிகளில். பிறந்த செல்கள் மெல்ல மேலேறி, மூன்று முதல் ஐந்து நாட்களில் நுனியை அடைந்து உதிர்ந்துவிடும். உடலில் இவ்வளவு வேகமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் திசுக்கள் மிகக் குறைவு.

இத்தனை வேலைக்கு ஆக்சிஜன் வேண்டும். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செரிமான உறுப்புகளுக்குப் போகிறது. சாப்பிட்ட பிறகு இன்னும் கூடும். சிறுகுடலின் பெரும்பகுதிக்கும் பெருங்குடலின் முதல் பாதிக்கும் ரத்தம் தருவது, மகாதமனியிலிருந்து கிளம்பும் மேல் குடல் தமனி என்ற ஒரே குழாய். குடலுக்கு வரும் ரத்தத்தில் பெரும்பங்கை உள்தோலே எடுத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு விரலின் நடுவிலும் ஒரு நுண்தமனி மேலேறி, நுனியில் வலைபோலப் பிரிந்து, சிரைகளாகக் கீழிறங்குகிறது. ஏறும் குழாயும் இறங்கும் குழாயும் மிக நெருக்கமாக ஓடுவதால், ஏறும் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனில் ஒரு பகுதி நுனிக்குப் போகாமலே குறுக்கே கசிந்து, இறங்கும் ரத்தத்தில் சேர்ந்துவிடும். தலைமடையிலேயே தண்ணீர் வடிகாலுக்குக் கசிந்துபோனால் கடைமடை எப்படி இருக்கும்? உறிஞ்சியின் நுனி நல்ல நாளிலேயே அந்த நிலையில்தான் இருக்கிறது. வரத்துக் குறைந்தால் முதலில் வாடுவதும் அதுதான். அடியில் இருக்கும் குழிகள் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். இந்த ஒரு ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் எல்லாமே எளிதில் புரியும்.

1970-ல் கனடாவின் மான்ட்ரியலில் சியு என்ற அறுவை மருத்துவரும் அவர் குழுவும் இந்தச் சேதத்தைப் படிப்படியாகத் தரம் பிரித்தார்கள். பூஜ்யம் என்றால் நலமான உறிஞ்சி. முதல் படியில் நுனியில் செல் அடுக்குக்கும் அடித்திசுவுக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி தோன்றும். பிறகு அந்த இடைவெளி பெரிதாகி, செல் அடுக்கு பக்கவாட்டில் உரிந்துகொண்டே இறங்கும். நான்காம் படியில் உறிஞ்சி மொட்டையாக நிற்கும். ஐந்தில் உள்திசுவே கரைந்து, ரத்தம் கசிந்து, புண்ணாகிவிடும். ஐம்பது ஆண்டுகள் கடந்தும் எலி, பன்றி, மனிதர் என்று எந்தக் குடலை ஆராய்ந்தாலும் பலர் இந்த அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

குடல் உடனே தோற்றுவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரத்தம் ஓரளவு குறைந்தால், வரும் ரத்தத்திலிருந்து வழக்கத்தைவிட அதிக ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டு சில மணி நேரம் சமாளிக்கும். முழுவதும் அடைபட்டால்தான் நிலைமை நிமிடங்களில் மாறுகிறது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் முழு அடைப்பு நீடித்தால் குடல் சுவரின் எல்லா அடுக்குகளும் மீள முடியாத நிலைக்குப் போய்விடும்.

திரும்பி வரும் ரத்தம் ஏன் சுடுகிறது

ஆக்சிஜன் இல்லாத செல்லில் முதலில் தீர்ந்துபோவது ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு. அது தீர்ந்தால் சோடியத்தையும் கால்சியத்தையும் வெளியேற்றும் பம்புகள் நின்றுவிடும். செல் வீங்கும், உள்ளே அமிலம் கூடும். சிதைந்த ஏ.டி.பி. படிப்படியாக உடைந்து ஹைப்போசாந்தைன் என்ற பொருளாகச் சேர்ந்து கிடக்கும். அதே வேளையில் குடல் செல்களில் நிறைய இருக்கும் ஒரு நொதி வடிவம் மாறி, சாந்தைன் ஆக்சிடேஸ் ஆகிறது. ஹைப்போசாந்தைனைப் பிடித்து ஆக்சிஜனோடு வினைபுரிய வைப்பது அதன் வேலை. ஆக்சிஜன் இல்லாதவரை அந்த வினை நடக்காது.

ரத்தம் திறக்கும் நொடியில் அந்தக் குறையும் தீர்ந்துவிடுகிறது. குவிந்து கிடந்த ஹைப்போசாந்தைன் ஒரே மூச்சில் எரிந்து, சூப்பர் ஆக்சைடு போன்ற வீரியம் மிக்க ஆக்சிஜன் துணுக்குகளை உமிழ்கிறது. இவை செல்சவ்வின் கொழுப்பையும் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் தாக்கும். 1981-லேயே கிரேஞ்சரும் ஜோ மெக்கார்டும் இதைக் குடலில் காட்டியிருந்தார்கள். சூப்பர் ஆக்சைடை அழிக்கும் நொதியை முன்கூட்டியே கொடுத்த பூனைகளின் குடலில் சேதம் குறைந்தது.

இன்னொரு வழியும் உண்டு. 2014-ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ரத்தம் நின்ற திசுக்களில் சக்சினேட் என்ற பொருள், செல்லின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் குவிகிறது என்றும், ஆக்சிஜன் வந்ததும் அது வேகமாக எரிந்து அதே வகைத் துணுக்குகளை உண்டாக்குகிறது என்றும் காட்டினார்கள். இதயம், மூளை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றில் அவர்கள் பார்த்தது இது.

ரசாயனத்தோடு முடியவில்லை. காயம்பட்ட ரத்தக்குழாய்ச் சுவர் ஒட்டும் தன்மை பெற்றுவிடும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் அதில் ஒட்டி, திசுவுக்குள் நுழைந்து, கிருமியை அழிக்கும் நொதிகளைத் தம் சொந்தத் திசுவின் மீதே கொட்டும். சில நுண்குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்வதால், பெரிய தமனி திறந்த பிறகும் சில இடங்களுக்கு ரத்தமே போகாது.

குடலுக்கு மட்டும் ஒரு கூடுதல் ஆபத்து இருக்கிறது. இதயத்திலோ மூளையிலோ இதே காயம் நடந்தால் பக்கத்தில் கிருமிகள் இல்லை. குடலில் ஒரு செல் அடுக்குக்கு அப்பால் கிருமிகளே நிறைந்திருக்கின்றன. அந்த அடுக்கு உரிந்ததும் பாக்டீரியாக்களும் அவற்றின் நச்சுகளும் ரத்தத்துக்குள்ளும் நிணநீருக்குள்ளும் கசியத் தொடங்கும். அதனால்தான் வயிற்றில் தொடங்கியது நுரையீரலையும் சிறுநீரகத்தையும் இழுத்துப் போடுகிறது. முறுக்கிக்கொண்டு அழுகிவிட்ட குடலை அறுவை மருத்துவர்கள் பிரித்துவிடாமல், முறுக்கோடு சேர்த்தே வெட்டி எடுப்பதன் காரணமும் இதுதான். பிரித்தால் அங்கே தேங்கிய நச்செல்லாம் உடலுக்குள் பாயும்.

இவ்வளவும் படித்துவிட்டு, ரத்தத்தைத் திறக்காமல் இருப்பதே நல்லது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நெடுநேரம் முழு அடைப்பில் கிடந்த குடலில், சேதத்தின் பெரும்பகுதி ரத்தம் வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். திறப்பதால் கூடும் காயம் ஒரு விலை. திறக்காவிட்டால் குடலே இல்லை. எவ்வளவு சீக்கிரம் திறக்கிறோமோ அவ்வளவு குறைவு அந்த விலை.

ஒரு மணி நேரத்தில் மூடிக்கொண்ட காயம்

இந்தத் துறையில் என்னை அதிகம் வியக்கவைத்த ஆய்வு நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் நடந்தது, 2008-ல் வெளியானது. அதுவரை கிடைத்த தகவல்களில் பெரும்பாலானவை விலங்குகளிடமிருந்து வந்தவை. மனிதக் குடலில் இதை நிமிடக் கணக்கில் பார்ப்பதற்கு நியாயமான வழி இல்லை. மாஸ்ட்ரிக்ட் மருத்துவர்கள் ஒரு வழி கண்டார்கள். கணைய அறுவையின்போது சிறுகுடலின் ஒரு துண்டை எப்படியும் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். எடுக்கப்போகும் அந்தத் துண்டில் 5 சென்டிமீட்டரைத் தனியாகப் பிரித்து, 30 நிமிடம் ரத்தத்தைக் கவ்வி நிறுத்தி, பிறகு திறந்துவிட்டார்கள். 30 நோயாளிகள் பங்கேற்றார்கள். அவர்களுக்கு இதனால் கூடுதல் இழப்பு எதுவும் இல்லை.

30 நிமிடம் முடிந்த கையோடு பார்த்தபோது செல் அடுக்கு ஏறக்குறைய நலமாகவே தெரிந்தது. நுனியில் மட்டும், சியு சொன்ன அந்த முதல் இடைவெளி. ஆனால் செல்கள் உள்ளுக்குள் காயப்பட்டுவிட்டதை ரத்தம் காட்டிக்கொடுத்தது. குடல் செல்லுக்குள் மட்டுமே இருக்க வேண்டிய ஒரு கொழுப்புப் பிணைப்புப் புரதம் ரத்தத்தில் பல மடங்கு கூடியிருந்தது. ரத்தத்தைத் திறந்து 25 நிமிடம் ஆனபோது நுனிச் செல்கள் செத்து, குடலின் உட்குழிக்குள் உதிர்ந்துகொண்டிருந்தன. 60 நிமிடத்துக்குள் செல் அடுக்கு மறுபடி இடைவெளியின்றி மூடிக்கொண்டது. செத்த செல்களின் குப்பை உட்குழியில் மிதக்க, சுவர் முழுமையாக இருந்தது.

ஒரு மணி நேரத்தில் புது செல்கள் பிறந்து வளர முடியாது. அப்படியானால் எப்படி மூடியது? முதலில் உறிஞ்சியே சுருங்கிக் குட்டையாகிறது. அதனுள் இருக்கும் தசையிழைகள் இழுப்பதால், மூட வேண்டிய பரப்பு குறைந்துவிடும். அடுத்து, காயத்தின் ஓரத்தில் மிஞ்சிய செல்கள் உயரத்தை இழந்து தட்டையாகி, விளிம்பைப் பாதம்போல நீட்டி, வெறுந்திசுவின் மேல் ஊர்ந்து வந்து ஒன்றையொன்று தொடும். தொட்டதும் செல்களுக்கு நடுவே இருக்கும் இறுக்கமான பிணைப்புகள் மறுபடி கட்டப்படும். இந்தக் கடைசி வேலை முடியாமல் கசிவு நிற்காது.

புதிய செல்கள் அதற்குப் பிறகுதான். குழிகளின் அடியில் இருக்கும் ஸ்டெம் செல்கள் என்ற தாய்ச் செல்கள் வேகமாகப் பிரிந்து, சில நாட்களில் உறிஞ்சியைப் பழைய உயரத்துக்கு வளர்த்துவிடும். அந்த ஸ்டெம் செல்களை அடையாளம் காட்டியது நெதர்லாந்து ஆய்வாளர் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகம், 2007-ல். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஆய்வகத்தில் தோஷிரோ சாட்டோ, அப்படிப்பட்ட ஒரே ஒரு செல்லிலிருந்து குழியும் உறிஞ்சிப் பகுதியும் கொண்ட குட்டிக் குடலையே கிண்ணத்தில் வளர்த்துக் காட்டினார். ஆக, குழிகள் பிழைத்திருந்தால் உறிஞ்சிகள் மொட்டையானாலும் குடல் மீளும். குழிகளும் செத்துவிட்டால் அந்த இடத்தில் முளைக்க எதுவும் இல்லை. புண்ணும் தழும்பும் குறுகலும்தான் மிஞ்சும்.

எல்லா வயதிலும் இந்த ஆற்றல் ஒரே அளவில் இல்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் பன்றிக்குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஆறு வாரக் குட்டியின் குடல் சில மணி நேரத்தில் மூடிக்கொண்டது. இரண்டு வாரக் குட்டியின் குடலால் அது முடியவில்லை. பச்சிளம் குழந்தைகளின் குடல் முறுக்கில் மருத்துவர்கள் காட்டும் அவசரத்தை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். பிறந்த குழந்தை பச்சையாகப் பித்தம் கலந்து வாந்தி எடுத்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

அதே ஆய்வாளர்கள் சொன்ன இன்னொரு செய்தி நம் மருந்துப்பெட்டியைத் தொடுகிறது. குடல் மூடிக்கொள்வதற்குப் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் தேவை. இப்யூபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் அவற்றின் உற்பத்தியைத்தான் தடுக்கின்றன. கடுமையாக சைக்கிள் மிதிக்கும்போது ரத்தம் தசைக்குப் போய்விடுவதால் குடலுக்குச் சற்று நேரம் வரத்துக் குறையும். ஆரோக்கியமானவர்களுக்கு அது தானாகச் சரியாகிவிடும். மாஸ்ட்ரிக்ட் குழு சைக்கிள் வீரர்களுக்கு இப்யூபுரோஃபென் கொடுத்துச் சோதித்தபோது குடல் சேதத்தின் அடையாளம் கூடியது. மாரத்தான் ஓடுவதற்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

வயிறு மெத்தென்று இருக்கும், வலியோ உயிர் போகும்

நிஜ வாழ்க்கையில் குடலுக்கு ரத்தம் எப்படி நிற்கிறது? இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு, இதயத்தில் உறைந்த கட்டி உடைந்து மேல் குடல் தமனியில் போய்ச் சிக்கலாம். திடீர் அடைப்புகளில் பெரும்பங்கு இதுதான். கொழுப்புப் படிந்து ஏற்கெனவே குறுகிய தமனி முழுவதும் அடைபடலாம். சிரையில் ரத்தம் உறையலாம். எந்த அடைப்பும் இல்லாமலே, ரத்த அழுத்தம் சரிந்த தீவிர சிகிச்சை நோயாளிக்குக் குடல் தமனிகள் இறுகிக்கொள்ளலாம். இவை தவிர, குடல் முறுக்கும் சிக்கிக்கொண்ட ஹெர்னியாவும்.

தமனி அடைப்பின் முதல் அடையாளம் மருத்துவர்களையே ஏமாற்றக் கூடியது. நோயாளி வலியில் துடிப்பார். வயிற்றை அழுத்திப் பார்த்தால் மெத்தென்று இருக்கும். காரணம், நாம் மேலே பார்த்த அதே ஏற்பாடு. சேதம் உள்தோலின் நுனியிலிருந்து வெளிப்பக்கமாகப் பரவுகிறது. வெளியுறை பாதிக்கப்பட்டால்தான் வயிறு பலகைபோல இறுகும். அதற்குள் குடல் அழுகத் தொடங்கியிருக்கும். நடுவில் சில மணி நேரம் வலி குறைந்தாற்போலத் தோன்றுவதும் உண்டு. "வாயுதான், இப்போ பரவாயில்லை" என்று வீட்டார் நிம்மதியடையும் நேரம் அது. வயதானவர், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர், திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி என்றால், உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய், ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் என்ற ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஆக்சிஜன் கிடைக்காத திசுக்கள் வெளியிடும் லாக்டேட் ரத்தத்தில் சரியான அளவில் இருக்கிறது என்பதை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. ஆரம்ப நிலையில் அது கூடாமல் இருக்கலாம். இந்நோயில் பாதிப் பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்பதே பெரும்பாலான கணக்குகள் சொல்வது. தாமதமே அதற்கு முக்கியக் காரணம்.

வயிற்றைத் திறந்த அறுவை மருத்துவர் பெரும்பாலும் முதலில் ரத்தத்தைத் திறப்பார், பிறகுதான் வெட்டுவார். திறந்ததும் குடலை வெதுவெதுப்பான உப்புநீர்த் துணியால் போர்த்திச் சற்றுக் காத்திருப்பார். கறுத்த குடல் சிவக்கிறதா, தொட்டால் அசைகிறதா, அதைத் தாங்கும் சவ்வில் நாடி தெரிகிறதா என்று பார்ப்பார். சந்தேகமான பகுதியை அன்றே வெட்டாமல் விட்டு, 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி வயிற்றைத் திறந்து பார்ப்பதும் வழக்கம். குடும்பத்தார் இதைக் கேட்டுப் பதறுவார்கள், முதல் அறுவையில் ஏதோ பிழை என்று நினைப்பார்கள். உண்மையில் ஒரு சென்டிமீட்டர் குடலையும் வீணாக இழக்கக் கூடாது என்ற கவனம்தான் அது. உறிஞ்சிகள் போய், குழிகள் பிழைத்த குடல் முதல் நாளில் எவ்வளவு மோசமாகத் தெரிந்தாலும் திரும்பி வரக்கூடும்.

மருந்துகள் விஷயத்தில் எனக்கு ஆதங்கம் உண்டு. சாந்தைன் ஆக்சிடேஸைத் தடுக்கும் அலோபியூரினால், துணுக்குகளை அழிக்கும் பொருள்கள், வெள்ளணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் என்று எலியிலும் பூனையிலும் பலன் தந்தவை ஏராளம். குடலில் ரத்தம் திரும்பும்போது நேரும் காயத்துக்கென்று வழக்கமான சிகிச்சையாக நிலைத்த மருந்து ஒன்றுகூட இல்லை. ஆய்வகத்தில் ரத்தம் எப்போது நிற்கும் என்று தெரியும், மருந்தை முன்பே கொடுக்கலாம். நோயாளி வந்து சேரும்போது பல மணி நேரம் கடந்திருக்கும்.

குடலின் பெரும்பகுதியை இழந்து பிழைத்தவர்களுக்கு, எடுத்தது எவ்வளவு என்பதைவிட மிச்சம் எவ்வளவு என்பதுதான் முக்கியம். சிறுகுடல் 200 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் உணவும் நீரும் போதுமான அளவு உட்கிரகிக்காத நிலை வரலாம். எஞ்சிய குடல் அப்படியே இருந்துவிடாது. அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் உறிஞ்சிகள் உயரும், குழிகள் ஆழமாகும், உட்பரப்பு கூடும். சிறுகுடலின் கடைப்பகுதி இதில் முதற்பகுதியைவிடத் திறமையானது. வாய்வழி உணவு இந்த வளர்ச்சியைத் தூண்டுவதால்தான், ரத்தக்குழாய் வழியாக ஊட்டம் ஏற்றும்போதும் கொஞ்சமாவது சாப்பிடச் சொல்கிறார்கள். மருத்துவமனையிலிருந்து வெளியே வரும்போது எத்தனை சென்டிமீட்டர் மிஞ்சியிருக்கிறது, அது எந்தப் பகுதி, பெருங்குடல் சேர்ந்திருக்கிறதா என்ற மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைப்பகுதி போயிருந்தால் வைட்டமின் பி12 உணவிலிருந்து ஏறாது. பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.